ஸ்ரீதரின் இரு தியாகங்கள்

தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடிகை டி. ஆர். ராஜகுமாரி கட்டிய திரையரங்கு இருந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், கண்ணீரோடு படம் பார்த்துத் திரும்பிய ஒரு தலைமுறை நினைவுக்கு வருகிறது. அத்தலைமுறையை அதிகம் அழவைத்தவர்களுள் ஒருவர் இயக்குநர் ஸ்ரீதர். அவருடைய முதல் படமான 'கல்யாண பரிசு' (1959), மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகிய இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டுமே தியாகக் கதைகள் என்றுதான் பேசப்படுகின்றன. தியாகம் என்ற சொல்லை ஞாயிறுதோறும் கேட்கிற நமக்கு, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

'கல்யாண பரிசு' படத்தில் வசந்தியும் பாஸ்கரும் காதலர்கள். தையல் வேலை செய்து வீட்டைத் தாங்கும் அக்கா கீதாவும், நோயுற்ற பாஸ்கரைப் பேணும்போது அவனையே விரும்பிவிடுகிறாள். வசந்தி உண்மையை மறைத்து, அக்காவையே மணக்கும்படி பாஸ்கரை வற்புறுத்துகிறாள். அவன் தடுமாறி இறுதியில் இணங்குகிறான். கீதாவுக்கோ எதுவும் தெரியாது. தனக்காக ஒன்று துறக்கப்பட்டதை அறியாமலே அவள் வாழ்கிறாள். தங்கை தன் வீட்டுக்கு வந்து தங்கும்போது ஐயுறுகிறாள், கடுஞ்சொல் கூறுகிறாள். உண்மை தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. அவளும் மறைகிறாள். எந்த அக்காவுக்காக இத்தனையும் நடந்ததோ, அவளுக்கே அது நஞ்சாகிவிட்டது. வசந்தியைப் புகழ்ந்து அழுகிற நாம் இதைக் கவனிப்பதில்லை. ஸ்ரீதர் கவனித்திருக்கிறார் என்றே எண்ணுகிறேன். மனைவியிடம் ஓயாமல் பொய் சொல்லும் தங்கவேலுவின் பாத்திரத்தை அதே படத்தில்தானே வைத்தார்? அந்தப் பொய்கள் வெளிப்படும்போது அரங்கம் சிரிக்கிறது. வசந்தியின் பொய் உயர்ந்தது என்பதால் மட்டும் அதன் விளைவு மாறிவிடவில்லை.

ஏறக்குறைய முழுவதும் ஒரே மருத்துவமனை அரங்கில், குறுகிய காலத்தில் எடுக்கப்பட்ட 'நெஞ்சில் ஓர் ஆலயம்' இதற்கு விடையளிப்பதுபோல் அமைந்திருக்கிறது. புற்றுநோயாளி வேலுவின் மனைவி சீதா, மருத்துவர் முரளியின் முன்னாள் காதலி. இங்கே உண்மை மறைந்து கிடப்பதில்லை. அதை அறிந்த வேலு, தான் இறந்தால் அவள் முரளியை மணக்கவேண்டும் என்கிறான். அவனும் வசந்தியைப் போலவே, தன் அன்புக்குரியவரை எடுத்து மற்றொருவருக்குக் கொடுக்க முனைகிறான். ஆனால் பாஸ்கர் இணங்கியது போல் சீதா இணங்கவில்லை. கண்ணதாசன் எழுதி, சுசீலா பாடிய பாட்டில் கணவனையே கேள்வி கேட்கிறாள். கட்டிலுக்கடியிலும் புகுந்து நகரும் வின்சென்டின் ஒளிப்பதிவைப் பலரும் வியந்திருக்கின்றனர். எனக்கோ பெரிதாகப்பட்டது, கொடுக்கப்படுகிற பெண்ணுக்குப் பேச வாய் கிடைத்தது.

முரளியின் தியாகத்தில் ஆரவாரமில்லை. தன்மீதே ஐயம் விழக்கூடிய நிலையில், செய்யவேண்டிய அறுவை சிகிச்சையைச் செவ்வனே செய்கிறார், அவ்வளவுதான். அது வெற்றி பெற்றதும் அவரைச் சாகடித்தது ஸ்ரீதரின் பலவீனம். பாஸ்கராவது குழந்தையை மணமக்களிடம் பரிசாகக் கொடுத்துவிட்டுத் தனியே நடந்து செல்கிறான். முரளிக்கும் அப்படி ஒரு மறுநாளைத் தந்திருக்கலாம். அடுத்த நோயாளியின் கட்டிலருகே அவர் நிற்பதை நான் பார்க்க விரும்பினேன்.