தேய்த்த கை

சுவாமிக்குச் சாத்துவதும் சந்தனம், கல்யாணத்துக்கு வந்தவர்களை உபசரிப்பதும் சந்தனம், சிதையில் வைப்பதும் ஒரு சந்தனத் துண்டுதான். பக்தி, மகிழ்ச்சி, துக்கம் மூன்றுக்கும் பொதுவான வாசனை இது. அதனால்தானோ என்னவோ, நம் கதாசிரியர்களுக்கு இதைவிடச் சௌகரியமான உவமை கிடைக்கவில்லை. குடும்பத்துக்காக ஒரு தாய் உழைத்து ஓய்ந்தால், சந்தனமாய்த் தேய்ந்தாள் என்று எழுதிக் கதையை முடித்துவிடலாம். வாசகரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தேய்த்தவர் யாரென்று கேட்பாரில்லை.

எனக்கு இந்த உவமையோடு நெடுநாள் வழக்கு உண்டு.

மூதுரையில் ஔவை தேய்ந்த சந்தனத்தைச் சொல்கிறாள். ஆனால் அங்கே பேச்சு, செல்வம் குறைந்தும் மனம் குறையாத அரசர்களைப் பற்றியது. தேய்வதே புண்ணியம் என்று அவள் சொல்லவில்லை. நம்மவர்கள் அரசரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அம்மாவை உட்கார வைத்தார்கள். வெட்டுகிற கோடரிக்கும் சந்தனம் மணம் தரும் என்கிற வடமொழி நீதி வேறு துணைக்கு வந்தது. கோடரி பிடித்தவனே அதைச் சொல்லியிருப்பானோ என்பது என் சந்தேகம்.

கலித்தொகையில், உடன்போன பெண்ணைத் தேடி வரும் செவிலிக்கு வழியில் கண்ட அந்தணர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு உதவுவதில்லை என்பது அவர்கள் வாதம். கடுமையான ஆறுதல்தான். ஆனாலும் பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதை அந்தப் புலவர் மூடி மறைக்கவில்லை. சரித்திரமும் அவர் சொன்னபடியே நடந்தது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக்கினார். 1916இல் மைசூர் சமஸ்தானம் தைல ஆலை நிறுவியது. 1998இல் அந்த மரம் அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் ஏறிற்று. மணம் ஊரெல்லாம் போயிற்று; மலை வெறுமையாயிற்று.

உண்மையில் சந்தன மரம் தியாகியுமல்ல. அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி நீரும் சத்தும் உறிஞ்சிக்கொள்ளும். துணையில்லாத கன்று செழிப்பதில்லை. வெளிமரத்தில் மணம் கிடையாது. பல ஆண்டுகள் கழித்து உள்ளே முதிரும் வைரத்திலும், வேரிலும்தான் தைலம் இருக்கிறது. கோடரிக்கு மணம் வேண்டுமானால் நெஞ்சுவரை இறங்க வேண்டும்.

தைலத்தின் குணம் இன்னும் விசேஷமானது. கன்னௌஜில் அத்தர் வடிக்கும் பழைய முறையில், ரோஜாவையோ தாழம்பூவையோ செப்புப் பாண்டத்தில் நீர்விட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தனத் தைலம் உள்ள கலத்தில் இறக்குவார்கள். சீக்கிரம் பறந்துவிடக்கூடிய பூவின் மணத்தை அந்தத் தைலம் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

பக்கத்தில் உள்ளவரிடம் எடுத்துக்கொள்வது, நாள்பட முதிர்வது, பிறர் மணத்தையும் தன்னுள் காப்பது: என் அறிவுக்கு எட்டியவரை, ஒரு தாயைப் பற்றி எழுத இதுவே போதுமான உவமை. அவளுக்கும் பசி உண்டு, ஆசை உண்டு, தந்திரமும் உண்டு. அவற்றை எழுதத் தெரியாதவர்தான் அவளைத் தேய்த்துவிடுகிறார். தேய்ந்தாள் என்றே எழுதித் தீரவேண்டுமானால், கட்டையைப் பிடித்திருந்த கையைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும்.