பாதி வழியில் நிற்கும் விரல்

கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் சென்சார் அளவைக் கேட்பார். இன்னும் முற்றியவர் லென்ஸ் வரிசையைக் கேட்பார். ஷட்டர் பட்டன் எப்படி இறங்குகிறது என்று கேட்கிற ஆளைத்தான் காணோம். டிஜிட்டல் கேமராவில் கைபழகி அறிய வேண்டிய உறுப்பு ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் அந்தப் பட்டனைத்தான் சொல்வேன். அதிலும் முழு அழுத்தை அல்ல, அரை அழுத்தை. மற்றதெல்லாம் வெள்ளியைக் கொடுத்தால் வீட்டுக்கு வந்துவிடும். சென்சார் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அதைத் தொடவும் கூடாது. லென்ஸ் மவுண்ட்டின் புள்ளிக்குப் புள்ளி வைத்து நான்கு தடவை மாட்டிக் கழற்றினால் அந்தப் பாடம் முடிந்தது. மெமரி கார்டு, பேட்டரி அறை, மெனு ஆகியவற்றைப் பற்றி ரசிக்க என்ன இருக்கிறது? முன் டயலும் பின் டயலும் அழகானவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயலுக்குப் படிகள் உண்டு, எண்கள் உண்டு, தப்பாகத் திருப்பினால் பின்னால் திருப்பிக்கொள்ளலாம். அரை அழுத்துக்கு எண்ணும் இல்லை, கோடும் இல்லை. விரல் எங்கே நிற்க வேண்டும் என்பது விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சின்ன இறக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தூங்கிக் கிடந்த மீட்டர் விழிக்கிறது. வியூஃபைண்டர் ஓரத்தில் எண்கள் எரிகின்றன. லென்ஸுக்குள் மோட்டார் ஒரு தடவை முன்னும் பின்னும் தேடி நிலைகொள்கிறது. ஆட்டம் தணிக்கும் வசதி உள்ள லென்ஸாக இருந்தால் மெல்லிய ரீங்காரம் உள்ளங்கைக்கு எட்டும், ஆடிக்கொண்டிருந்த காட்சி எண்ணெய் விட்டதுபோல் அடங்கும். இத்தனைக்கும் பிறகு படம் இன்னும் எடுக்கப்படவில்லை. எடுக்கவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம். கேமராவின் வேறு எந்த உறுப்புக்கும் இப்படி முடிவைத் தள்ளிப்போடுகிற நிலை கிடையாது. ஸ்விட்ச் என்றால் ஆன் அல்லது ஆஃப். மவுண்ட் என்றால் பூட்டு அல்லது கழற்று. இந்தப் பட்டனில் மட்டும் இரண்டுக்கும் நடுவே ஒரு திண்ணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு இந்தத் திண்ணையை விளக்க வேண்டியதில்லை. கோலா சுங்கை பாரு பக்கம் இன்று கண்ணுக்கு எட்டும் மட்டும் செம்பனைதான் என்றாலும், மலாக்காத் தோட்டங்களின் கை நினைவு ரப்பருடையது. கத்தி ஆழம் குறைந்தால் மங்கு நிறையாது, மிஞ்சினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பால் குழாய்கள் உள்பட்டையில், வளர்திசுவுக்கு மிக அருகில் நெருங்கிக் கிடக்கின்றன. அந்தத் திசுவைத் தொடாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்து வெட்ட வேண்டும். விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. பட்டையின் எதிர்ப்பு மாறுவதை மணிக்கட்டு உணர்ந்து நிற்க வேண்டும். அரை அழுத்தும் இதே வித்தைதான். முதல் தடை வரும் வரை இறங்கி, இரண்டாம் தடையைத் தொட்டு, உடைக்காமல் நிற்பது. கை கற்கும் இத்தகைய ஆழத்தைக் கையேடு கற்றுத்தராது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததும் அல்ல. 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் ஷட்டர் பட்டன் மேல்தட்டின் பின்விளிம்பு ஓரமாக இருந்தது. அதைத் தொட ஆள்காட்டி விரலை நண்டுக்கால் போல் மடக்க வேண்டும். 1971இன் எஃப்2 அதை முன்னால் கொண்டுவந்தது. சில மில்லிமீட்டர் நகர்வு, அவ்வளவுதான். ஆனால் விரல் நீட்டியபடி ஓய்வாக உட்கார்ந்தது. 1976இல் கேனன் ஏஇ-1 வந்தபோது பாதி அழுத்தினால் மீட்டர் விழிக்கும் ஏற்பாடு பொதுஜனத்தின் கைக்கு வந்தது. 1981இன் மினோல்டா எக்ஸ்-700 இன்னும் ஒரு படி போய், அழுத்தக்கூட வேண்டாம், விரல் தோல் பட்டால் போதும் என்றது. கையுறை போட்டால் அதற்கு உணர்ச்சி இராது. நம் ஊர் வேர்த்த விரலுக்கு அந்தக் கவலையே இல்லை. டிஜிட்டலுக்கு வந்தால் 2006இன் லைகா எம்8 ஒரே பட்டனில் மூன்று நிலைகளை அடுக்கியது: மீட்டர் விழிப்பது ஒன்று, வெளிச்ச அளவு பூட்டிக்கொள்வது இரண்டு, ஷட்டர் மூன்று. அது கொஞ்சம் அதிகப்பிரசங்கம் என்பது என் எண்ணம். திண்ணை ஒன்று போதும், மாடி வேண்டாம். நிக்கான் பவர் ஸ்விட்ச்சை அந்தப் பட்டனைச் சுற்றியே வளையமாகப் போட்டது இதைவிடப் புத்திசாலித்தனம். எழுப்பிய விரலே அப்படியே சரிந்து அரை அழுத்துக்கு வந்துவிடுகிறது, இடக்கை லென்ஸை விட்டு அசைய வேண்டியதில்லை.

டிஜிட்டலின் ஆரம்ப காலத்தில் அரை அழுத்து தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இருந்த வித்தியாசம் படத்திலேயே தெரிந்தது. 2000ஐ ஒட்டி வந்த சின்னக் கேமராக்களில் பட்டனை ஒரே குத்தாகக் குத்தினால் கேமரா அப்போதுதான் ஃபோக்கஸ் தேட ஆரம்பிக்கும், படம் விழுவதற்குள் பிள்ளை சிரித்து முடித்துத் திரும்பியிருக்கும். ‘இந்தக் கேமரா சுத்த ஸ்லோ’ என்று பழி கேமரா மேல் போகும். அதே கேமராவில் முன்கூட்டியே பாதி அழுத்திக் காத்திருந்தால் மிச்சமிருந்த தாமதம் கொஞ்சமே. குடும்ப ஆல்பங்களில் அந்தக் காலத்துப் பிறந்தநாள் படங்களைப் புரட்டினால் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் புகை மட்டும் இருக்கிற படங்கள் அகப்படும். அவை பட்டனைக் குத்தியவர்கள் எடுத்தவை.

கோலா சுங்கை பாரு போன்ற மேற்குக் கரை ஊர்களில் அரை அழுத்தின் அருமை சாயங்காலத்தில் தெரியும். மலேசிய நேரப்படி சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்கு மேலோதான் மலாக்கா நீரிணையில் இறங்குகிறது. இறங்கிய பிறகு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வெளிச்சம் மிஞ்சும், நிலநடுக்கோட்டுப் பக்கத்து அந்தி அவ்வளவுதான். ஆற்று முகத்துவாரத்தில் படகைக் கட்டுகிற ஒருவரை எடுக்கப்போனால் கடல் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் எரியும். கேமராவை அதன் போக்கில் விட்டால் வானத்தை நம்பி மனிதரைக் கரியாக்கிவிடும். முகம் வேண்டுமென்றால், எரியும் வானத்தை விட்டு விலகி, அதே வெளிச்சம் விழும் பலகையையோ மணலையோ பார்த்துப் பாதி அழுத்தி அளவெடுத்து, விரலை அங்கேயே நிறுத்தி, சட்டகத்தைத் திருப்பி அமைத்துக்கொண்டு, அவர் தலை நிமிரும் கணத்துக்கு நிற்க வேண்டும். அளவெடுத்த இடமும் அவரும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கேதான் தயாரிப்பாளர்களின் குணபேதம் தெரிகிறது. கேனனில் ஒன்-ஷாட் ஃபோக்கஸும் எவாலுவேட்டிவ் மீட்டரும் வைத்திருந்தால் அரை அழுத்து ஃபோக்கஸோடு வெளிச்ச அளவையும் பூட்டிவைக்கும். நிக்கானில் கடையில் வாங்கிய அமைப்பிலேயே விட்டால் ஃபோக்கஸ் மட்டும் நிற்கும், வெளிச்ச அளவு சட்டகத்தோடு அலையும், அதற்குத் தனிப் பட்டன் தேட வேண்டும். நிக்கான்காரர்கள் இதைச் சுதந்திரம் என்பார்கள். ஒரு விரலுக்குக் கொடுத்த வாக்கைப் பாதியில் வாங்கிக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

பின்பட்டன் கட்சியினர் இங்கே குறுக்கிடுவார்கள், அவர்கள் வாதம் வலுவானதும்கூட. ஃபோக்கஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி மறுபடி ஃபோக்கஸ் தேடாது. நகரும் பொருளுக்குக் கட்டைவிரலை அழுத்திப் பிடி, நின்ற பொருளுக்கு விட்டுவிடு, கணக்கு சுத்தம். தஞ்சோங் துவானில் இதற்கு மறுபேச்சே கிடையாது. நெகிரி செம்பிலானுக்குள் தனித்துக் கிடக்கும் மலாக்காவின் அந்தத் துண்டு நிலத்தில், மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து தேன் பருந்துகள் கலங்கரை விளக்கத்தின் தலைக்கு மேல் வட்டமிடும்போது, கட்டைவிரல் ஃபோக்கஸ் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் பருந்துக்குச் சரியானது மனிதருக்கும் சரி என்று ஆகாது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகத்தில் காவடி தூக்கி வருகிறவரை எடுக்கும்போது தேவைப்படுவது ஓயாத துரத்தல் அல்ல, காத்திருப்பு. முகம் திரும்பும், மயிற்பீலி மறைக்கும், மறுபடி விலகும். அங்கே ஃபோக்கஸ், அளவு, முடிவு மூன்றும் ஒரே விரலில் தொடர்ச்சியாக இருப்பதில் ஒரு நிதானம் இருக்கிறது. இரண்டு விரல்களுக்குப் பங்கு பிரித்தால் இரண்டும் வேலை செய்யும், தயங்குவதற்கு இடம் இராது. தயக்கம் குறை என்று நினைப்பவர்கள் பின்பட்டனை வைத்துக்கொள்ளட்டும், நமக்குச் சண்டை இல்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கேமராவே கண்ணைக் கண்டுபிடித்து ஃபோக்கஸ் செய்கிறது, வியூஃபைண்டரில் வெளிச்சம் எடுக்கப்போகும் படம்போலவே தெரிகிறது, நொடிக்கு முப்பது படம் எடுத்துத் தள்ளுகிறது, இனி பாதி வழியில் நிற்க எதற்கு விரல் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம், ஆனால் சான்று எதிர்ப்பக்கம் சாய்கிறது. 2016இல் ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் II கொண்டுவந்த புரோ கேப்சர் என்ன செய்தது? அரை அழுத்தில் விரல் நிற்கும்போதே சத்தமில்லாமல் படங்களை எடுத்துச் சுழலவிட்டுக்கொண்டே இருந்து, முழுதும் அழுத்திய நொடியில் அதற்கு முந்திய 14 படங்கள் வரை சேர்த்துக் கொடுத்தது. மீன்கொத்தி கிளையை விட்டுக் கிளம்பிய பிறகு அழுத்தினாலும் கிளம்பிய கணம் கிடைத்துவிடும். கடந்துபோன நேரத்தைப் பிடித்துவைக்கும் அந்த வித்தைக்குப் புதுப் பட்டன் எதுவும் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய அரை அழுத்தின் தலையிலேயே அதைக் கட்டினார்கள். கைப்பேசிகளையே எடுத்துக்கொள்ளலாம். 2013இன் நோக்கியா லூமியா 1020இல் இரண்டு நிலைப் பட்டன் இருந்தது, சோனி எக்ஸ்பீரியாவும் அதை விடாமல் வைத்திருந்தது. கண்ணாடியைத் தட்டினால் போதும் என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்த ஆப்பிள், 2024இல் ஐபோன் 16இன் ஓரத்தில் லேசாக அழுத்தினால் ஒன்று, அழுத்தினால் இன்னொன்று என்று ஒரு பட்டனைக் கொண்டுவந்து வைத்தது. செத்துப்போன உறுப்புக்கு யாரும் இவ்வளவு செலவு செய்வதில்லை.

படம்தானே முக்கியம், பட்டனைத் தடவிக்கொண்டிருப்பது வெறும் பொருள்மோகம் என்பவர்களும் உண்டு. மா. கிருஷ்ணனை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டைப் பற்றி எழுதியவர், யானை மேல் உட்கார்ந்து காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கடையில் கிடைத்த கேமரா தம் கைக்கும் காட்டுக்கும் ஒத்துவராமல், வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு கருவியைக் கட்டினார். அதன் பருமனைக் கிண்டல் செய்து ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அவருக்கு உறுப்புகள்மேல் இருந்த ஈடுபாடு படத்துக்குப் போட்டியாக வரவில்லை, படத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் 1996இல் காலமானார். அவரைப்போல் கேமராவைக் கட்டு என்று இன்று யாரிடமும் சொல்ல முடியாது, ஒரு திருகைக் கழற்றினாலே உத்தரவாதம் போய்விடும். மிச்சம் இருப்பது விரலால் அறிவது மட்டும்.

அதையும் தயாரிப்பாளர்கள் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் மனக்குறை. விலை மலிந்த கேமரா உடல்களில் முதல் நிலையே ‘டிக்’ என்று அடிக்கிறது, கால்குலேட்டர் பட்டன்போல. அந்த ‘டிக்’கில் கை ஆடுகிறது. இன்னொரு வகையில் இரண்டு தடைகளுக்கும் நடுவே இடைவெளியே இல்லை, மூச்சு விட்டால் படம் விழுகிறது. அந்தப் பட்டன் மென்மையாக இறங்கி, சுவரைத் தொட்டது மாதிரி நின்று, பிறகு மனசறிந்து உடைய வேண்டும். விமர்சனக் காணொளிகளில் சென்சார் இரைச்சலை நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறார்கள், இந்த இறக்கத்தைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை. படக்கலைப் பட்டறைகளும் மெனுவில் ஆரம்பித்து மெனுவில் முடிகின்றன.

பழைய உடல் வாங்குகிறவருக்கு, அதுவும் உப்புக் காற்று அடிக்கும் கரையோர ஊரில் வாங்குகிறவருக்கு, இது ரசனை விவகாரம் மட்டுமல்ல. பட்டனுக்கு அடியில் இருப்பது மெல்லிய உலோகத் தொடர்புகள். ஈரமும் உப்பும் சேர்ந்து அவற்றில் களிம்பு ஏறினால் அரை அழுத்து விட்டுவிட்டுப் பிடிக்கும், விரல் அசையாமல் நின்றாலும் ஃபோக்கஸ் பாதியில் அறுந்து மறுபடி தேடும். ஷட்டர் எத்தனை ஆயிரம் தடவை அடித்தது என்று கேட்பதற்கு முன் லென்ஸை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, பத்துத் தடவை பாதி அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் வாங்கியவர்கள் கோளாறு லென்ஸில் என்று முடிவுகட்டி, நன்றாக இருந்த லென்ஸை அரை விலைக்குத் தள்ளிவிட்டு, அதே உடலுக்கு இன்னொரு லென்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.