தையலை எண்ணுவோர்

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் என்றோர் ஊர். 1863 ஜூலைத் திங்களின் முதல் மூன்று நாட்கள் அங்கே குருதி பெருகி ஓடியது. ஒன்றியம் உடையாமல் காக்க வந்த வடக்கு ஒருபுறம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தெற்கு மறுபுறம். தெற்கு என்றதும் நம் தோழர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். அது ஆண்டைகளின் தெற்கு!

அந்தப் போரை இன்று நடித்துக் காட்டுகிறார்கள். நடிப்பவர் கூலிக்கு வேடம் கட்டுவோர் அல்லர். பிற வேலை பார்த்துப் பிழைக்கும் பொதுமக்கள். நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய உடையைத் தாமே வெட்டி, தாமே தைத்து, உடுத்தி வருகிறவர் அவர்களிலே பலர். அந்த ஊசிவேலையைத்தான் நாம் இங்கே ஆராய முற்படுகிறோம். அதுவும் ஒரு கலை. கலை என்று வந்துவிட்டால், கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுவோம். எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டனர். ஆகவே உள்ளே மறையும் நீண்ட தையலுக்கு எந்திரம் குற்றமில்லை என்கிறார்கள். ஆனால் காஜா கையாலேதான் எடுக்க வேண்டும்; செயற்கை இழை கூடாது; கொக்கியும் பொத்தானும் இருக்கலாம், ஜிப் கூடவே கூடாது. பெண்ணின் பாவாடையை விரித்துக் காட்டும் எஃகு வளையக் கூண்டு 1856இல் வந்தது. 1850ஆம் ஆண்டு மங்கையாக வேடமிடுபவள் அதை அணிந்தால் நகைப்பார்கள். இடுப்பிலே நுண்ணிய கொசுவங்களை ஒவ்வொன்றாகக் கோத்து வைக்கும் பொறுமை நம்மை வியக்க வைக்கிறது. வரலாற்றைக் கையால் தொட்டுக் கற்கும் பழக்கம் இது, பழிக்கத்தக்கதல்ல.

ஆனால் பற்று பித்தாவதும் உண்டு. பித்தளைப் பொத்தான் பழையதாய்த் தோன்ற வேண்டுமென்று அதைச் சிறுநீரில் ஊறவைத்த வீரரைப் பற்றி டோனி ஹார்விட்ஸ் 1998இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்குத் ‘தையலை எண்ணுவோர்’ என்ற கேலிப்பெயரும் அங்கே வழங்குகிறது.

எண்ணட்டும்! எதை எண்ணுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. இழையை எண்ணுகிறார்கள், இழை தந்த பஞ்சைப் பறித்த கையை எண்ணுகிறார்களா? 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம். அவர்களுக்கென்றே ‘நீக்ரோ துணி’ என்ற பெயரில் முரட்டுத் துணி நெய்யப்பட்டது. நெய்தவை எந்த ஆலைகள்? அடிமையை வைத்திராத வடக்கின் ரோட் ஐலண்ட் ஆலைகள்! தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை எந்தெந்த முரட்டுத் துணியை உடுத்தலாமென்று பட்டியலே போட்டது. அதனினும் உயர்ந்த துணி உடலில் இருந்தால் பறித்துக்கொள்ளலாம். பிறப்பைப் பார்த்துத் துணியை அளந்த சட்டம்! தோள்சீலைக்காகப் போராடியவர்களின் வழிவந்தோருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நடிப்புக் களத்திலே பட்டாடைச் சீமாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பட்டைத் தைத்தவள் யார்? எலிசபெத் கெக்லியை எடுத்துக்கொள்வோம். 1818இல் வர்ஜீனியாவில் அடிமையாய்ப் பிறந்தவர். தம் ஊசியின் வருவாயால் ஆண்டையின் குடும்பத்தையே, 17 பேரை, காப்பாற்றியதாக அவரே எழுதிவைத்தார். 1855இல் 1,200 டாலர் கட்டித் தம்மையும் தம் மகனையும் மீட்டார். கடனாகக் கிடைத்த அத்தொகையைத் தைத்தே அடைத்தார். பின்னர் குடியரசுத் தலைவர் லிங்கனின் துணைவிக்கு ஆடை தைத்தார். படைவீரன் உடையும் அப்படித்தான். பிலடெல்பியாவின் ஷுயில்கில் படைக்கலச் சாலை வெட்டிக் கொடுத்த துணியை ஏழைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கையால் தைத்தார்கள். கையால் தைத்துப் பார்த்தவனுக்கே அந்தக் கூலியின் கொடுமை விளங்கும். விளங்கியதைக் களத்திலே வாய்விட்டுச் சொல்பவர் மிகச் சிலர் என்பதே நம் குறை.

சொல்லும் கோட்டு ஒன்றும் உண்டு. 1989இல் ‘குளோரி’ திரைப்படம், மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் கதையைச் சொன்னது. கறுப்பின வீரர்களின் படை அது. அப்படையின் நீலக் கோட்டைத் தைத்து அணிந்து களம் புகும் கறுப்பினத் தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். ஆடைப் படி தனி. கறுப்பு வீரனுக்கு 10 டாலர்; அதிலும் ஆடைக்கென்று 3 டாலர் பிடித்தம். அதே கோட்டு, அதே குண்டு, கையில் 7 டாலர்! அந்த ஏழை வாங்க மறுத்தது 54ஆம் படை. ஓராண்டுக்கு மேல் ஒரு காசும் தொடாமல் போரிட்டது. குறைந்த தொகையைத் தானே தருகிறேன் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோது அதையும் மறுத்தது. 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டம் இயற்றியது.