தலைவர் முதலில் வரைய வேண்டிய படம்

பீட்டர் ஸ்கஸேரோ 1987-ல் நியூயார்க் குயின்ஸில் சபை தொடங்கினார். 1996-ல் அவர் மனைவி ஜெரியே அந்தச் சபையை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டார். அந்த அடியில் பிறந்ததுதான் அவருடைய உள்ளக் குணமாக்குதல், சீஷத்துவப் பயிற்சி. உணர்வில் முதிராதவர் ஆவியிலும் முதிர முடியாது என்பது அதன் அடிப்படை.

அதில் எனக்குப் பிடித்தது ஜீனோகிராம், அதாவது மூன்று நான்கு தலைமுறைகளின் குடும்ப வரைபடம். கோபம், குடி, மௌனம் எல்லாம் எங்கிருந்து வருதுன்னு கோடு போட்டால் தெரியும். ஆனால் இது குடும்ப ஆலோசகர்களின் கருவி. ஆலோசகர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். சபைக் குழுவிலோ இன்று கண்ணீரோடு சொன்னது நாளை ஜெபக் குறிப்பாகச் சுற்றலாம். ஊழியப் பொறுப்பே பறிபோகலாம்.

ஸ்கஸேரோ தன் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். தன் படத்தைக் காட்டாத தலைவரிடம் நம் படத்தை ஏன் கொடுக்கணும்?