பிணம் எரிந்துவிட்டது, ஆச்சாரியாருக்குத் தெரியாது

அப்பா இறந்தபோது எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அது போனதைப் பற்றி நண்பர்களோடு விடிய விடியப் பேசியிருக்கிறேன். அப்பாவிடம் மட்டும் பேசியதில்லை. சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் மண்டைக்குள் ஒரே குடைச்சல். நம்பாத ஒருத்தன் கொள்ளி வைக்கலாமா? வைத்தால் அது நடிப்பா? வைக்காமல் விட்டால் அப்பாவுக்குத் துரோகமா? குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வரும்போதும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டம் போடக் காத்திருந்த அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, அரைஞாண் கயித்த அத்தாச்சா? கால் கட்ட அவுத்தீங்களா?" என்று கேட்டார். நான் எதையும் செய்திருக்கவில்லை. அவரே குனிந்து கட்டை அவிழ்த்தார், கயிற்றை அறுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கருமாதிக்கு முந்தைய நாட்களில், தூக்கம் வராத ராத்திரிகளில், யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா'வை மறுபடியும் எடுத்தேன். கல்லூரியில் ஒருமுறை படித்து, 'பிராமணப் போலித்தனத்தைத் தோலுரிக்கும் நாவல்' என்று நோட்டில் எழுதி மூடி வைத்த புத்தகம் அது. நம்மில் பலரும் அதை அப்படித்தான் படித்திருப்போம். அந்த வாசிப்பு தப்பில்லை. ஆனால் பாதிதான். இந்த முறை எனக்கு வேறொன்று பட்டது. மத நம்பிக்கையைக் கேள்வி கேட்டு அலைகிற மனிதனைப் பற்றிய நாவல்தான் இது. ஆனால் அந்த அலைச்சலின் மேல் நாவலுக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை எங்கே வைத்திருக்கிறார் அனந்தமூர்த்தி என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துர்வாசபுரம் என்கிற மாத்வ பிராமண அக்கிரகாரத்தில் நாரணப்பா செத்துப்போகிறான். மாமிசம் சாப்பிட்டவன், குடித்தவன், சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்தவன், முஸ்லிம் நண்பர்களோடு கோயில் குளத்து மீனைப் பிடித்தவன், குந்தாபுரத்திலிருந்து சந்திரியைக் கூட்டி வந்து வாழ்ந்தவன். ஜாதியை விட்டுத் தள்ளினால் முஸ்லிமாகிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்ததால் அவனை யாரும் தள்ளவில்லை. ஆகவே செத்தவன் பிராமணன். பிள்ளை கிடையாது. அவனுக்கு யார் ஈமக்கிரியை செய்வது? செய்தால் தீட்டு. செய்யாமல் விட்டால் பிணம் கிடக்கிறவரை அக்கிரகாரத்தில் யாரும் சாப்பிடக்கூடாது, பூஜை செய்யக்கூடாது. காசியில் படித்து வந்த பிராணேஷாச்சாரியார்தான் விடை சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆச்சாரியாருக்குச் சந்தேகம் தத்துவமாக வரவில்லை. 'கடவுள் உண்டா' என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்து அவர் தடுமாறவில்லை. எடுக்க வேண்டிய ஒரு பிணம் அடுத்த வீட்டில் கிடக்கிறது. கோடைக்காலம், நாற்றம் ஏறிக்கொண்டே போகிறது. நம்மில் நிறையப் பேருக்கும் நம்பிக்கை ஆடுவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். நீட்சேயைப் படித்து ஆடுகிறதைவிட, கல்யாணத்தில் ஒருமுறை, சாவு வீட்டில் ஒருமுறை, காதலியின் பெயரை வீட்டில் சொல்லும்போது ஒருமுறை என்றுதான் ஆடுகிறது. படிப்பெல்லாம் அப்புறம் நாம் தேடிக்கொள்கிற சாட்சி.

ஆச்சாரியார் ஓலைச்சுவடிகளைப் புரட்டுகிறார். சாஸ்திரத்தில் விடை இல்லை. மாருதி கோயிலுக்குப் போய் நிற்கிறார். வலப்பக்கம் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பூ விழவே இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. கோபமாக ஒரு பதில் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அனுமார் பாட்டுக்குச் சும்மா இருக்கிறார். திரும்பி வரும் காட்டு வழியில் இருட்டில் சந்திரி அவர் காலில் விழுகிறாள். பசித்துக் களைத்திருந்தவர் அவள் மடியில் கட்டி வைத்திருந்த வாழைப்பழத்தைச் சாப்பிடுகிறார். வாழ்நாள் முழுக்க, படுத்த படுக்கையான மனைவி பாகீரதிக்குப் பணிவிடை செய்வதையே தவமாக வைத்திருந்த மனிதர் அன்று சந்திரியோடு கூடுகிறார். நடுராத்திரி கண் விழிக்கும்போது தலை அவள் மடியில் இருக்கிறது.

விமர்சகர்கள் வழக்கமாக நிற்கிற இடம் இது. துறவி விழுந்தார், அல்லது மனிதராக எழுந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடப்பது.

அந்த ராத்திரியே சந்திரி வீட்டுக்குப் போகிறாள். நாரணப்பாவின் உடல் அழுகிக் கிடக்கிறது. அவளுக்கு அவன் மேல் பிரியம் இருந்தது, இப்போது கிடப்பது அவன் இல்லை, எரிக்க வேண்டிய ஒன்று. வண்டிக்காரன் சேஷப்பாவிடம் போய்க் கேட்கிறாள். பிராமணப் பிணத்தைத் தொட அவன் பயந்து மறுக்கிறான். மீன் வியாபாரி அஹமத் பாரியிடம் போகிறாள். ஒரு கஷ்ட காலத்தில் நாரணப்பா அவனுக்குப் பணம் கொடுத்து உதவியிருக்கிறான். அவன் வண்டி கட்டி வந்து, பிணத்தை ஏற்றி, விறகு போட்டு எரித்துவிட்டுப் போய்விடுகிறான். சந்திரி அழுகிறாள். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு குந்தாபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். முடிந்தது விஷயம். சாஸ்திரம், மடம், குரு, அனுமார் என்று யாரிடமும் பதில் இல்லாத பிரச்சினை விடிவதற்குள் தீர்ந்துவிட்டது.

இது ஆச்சாரியாருக்குத் தெரியாது! நாவலின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அவர் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே நடக்கிறார். பிராமணர்களுக்கும் தெரியாது, அவர்கள் மடத்துக்குப் பயணம் போகிறார்கள். வாசிக்கிற நமக்கு மட்டும் தெரியும்.

வி.எஸ். நைபால் 1977-இல் வெளியான தன் இந்தியா பற்றிய புத்தகத்தில் இந்த நாவலை விவாதித்திருக்கிறார். ஆச்சாரியார் தன்னைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை, வெளியுலகம் அவருக்கு உள்ளுலகத்தின் நிழல்தான், இந்துமனமே இப்படித்தான் என்கிற ரீதியில் அவர் வாதம் போகும். ஆச்சாரியாரைப் பற்றி நைபால் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதை நாவலின் மேல் ஏற்றுவது அநியாயம். ஆச்சாரியார் பார்க்காததை அனந்தமூர்த்தி பார்த்திருக்கிறார், நமக்கும் காட்டியிருக்கிறார். அஹமத் பாரியின் காட்சியை இவ்வளவு சீக்கிரம் வைத்ததே அதற்குத்தான். அதை எடுத்துவிட்டுப் படித்தால் பின்பாதி ஒரு ஆன்மிகப் பயணம். அது இருப்பதால், பின்பாதியில் ஆச்சாரியார் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பரிதாபமும் கொஞ்சம் நகைச்சுவையும் ஒட்டிக்கொள்கின்றன.

எலிகளின் விஷயமும் இதே மாதிரிதான். அக்கிரகாரத்தில் எலிகள் சுருண்டு சாகின்றன, கூரைகளில் கழுகுகள் வந்து உட்காருகின்றன, பிராமணர்கள் சேகண்டி அடித்து, சங்கு ஊதி விரட்டுகிறார்கள். நாரணப்பா ஷிமோகாவிலிருந்து காய்ச்சலோடு வந்து விழுந்தவன். பாரிஜாதபுரத்து மஞ்சய்யா பேப்பர் படிக்கிறவர், அவருக்கு இது பிளேக் என்று புரிந்துவிடுகிறது. துர்வாசபுரத்துக்காரர்களுக்கு இது நாரணப்பாவின் சாபம். பதில் நாளிதழில் இருக்கும்போது இவர்கள் ஓலையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நாவல் எங்கிருந்து கிளம்பியது என்பதை அனந்தமூர்த்தியே சொல்லியிருக்கிறார். பர்மிங்ஹாமில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தன் வழிகாட்டி மால்கம் பிராட்பரியோடு இங்மார் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' (1957) படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்த்திருக்கிறார். ஸ்வீடிஷ் தெரியாது, பாதி புரியவில்லை. அந்தப் புரியாமையிலிருந்து இந்த நாவல் வந்தது. 1965-இல் வெளியானது. அந்தப் படத்திலும் கொள்ளைநோய் உண்டு. சிலுவைப்போரிலிருந்து திரும்புகிற பிளாக் என்ற வீரன் மரணத்தோடு சதுரங்கம் ஆடுகிறான். கடவுளைப் பற்றி நம்பிக்கை போதாது, நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்கிறான். கடவுள் வாய் திறப்பதில்லை. நடுவில் ஒரு மேட்டில் உட்கார்ந்து, ஊர் ஊராக நாடகம் போடும் ஒரு குடும்பத்தோடு காட்டு ஸ்ட்ராபெரியும் பாலும் சாப்பிடுகிறான். படத்தில் அவன் நிம்மதியாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே பால், இங்கே வாழைப்பழம். இரண்டு பேருக்கும் சாப்பாட்டில்தான் தேடல் சற்று நேரம் நிற்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. பிளாக் கடைசியில் சதுரங்கக் காய்களைத் தட்டிவிடுகிறான். மரணம் காய்களைத் திரும்ப அடுக்கும் நேரத்தில் அந்தக் குடும்பம் தப்பித்துப் போகிறது. அதாவது தேடுகிறவனே ஒரு உருப்படியான காரியமும் செய்கிறான். பெர்க்மன் அந்த ஆறுதலைத் தருகிறார். அனந்தமூர்த்தி அதையும் தரவில்லை. இங்கே தேடுகிறவர் வேறு ஆள், செய்கிறவர்கள் வேறு ஆட்கள். ஜாதி என்கிற ஒன்று நடுவில் இருக்கும்போது இப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது. யோசிக்கிற வேலையும் பிணம் தொடுகிற வேலையும் இங்கே பிறக்கும்போதே பிரித்துக் கொடுக்கப்பட்டவை.

பின்பாதியில் புட்டா வருகிறான். மனைவியும் பிளேக்கில் செத்து, அவளை எரித்துவிட்டுக் கால் போன போக்கில் நடக்கும் ஆச்சாரியாரிடம் ஒட்டிக்கொள்ளும் வாயாடி. மேளிகே தேர்த்திருவிழாவுக்கு இழுத்துப் போகிறான். (மேளிகே அனந்தமூர்த்தி பிறந்த ஊர். தன் நாயகனைத் தன் சொந்த ஊர்த் திருவிழாவிலேயே தொலைய விட்டிருக்கிறார்.) காப்பிக்கடை, சேவல் சண்டை, மோதிரத்தை விற்பது, தீட்டோடு கோயில் பந்தியில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வது என்று ஆச்சாரியார் ஒவ்வொன்றிலும் நடுங்குகிறார். அபாரமான பக்கங்கள் இவை. புட்டா அவரை யோசிக்கவே விடமாட்டேன் என்கிறான். எனக்கும் அப்படி ஒரு நண்பன் இருந்தான், அவனைத் தவிர்க்கத்தான் நான் இலக்கியக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். அது வேறு கதை.

குறையே இல்லையா என்றால், உண்டு. சந்திரிக்கு ஒரு அகம் இருக்கிறது என்று நாவல் சில வரிகளில் காட்டிவிட்டு, அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறது. பாகீரதிக்கு அதுவும் இல்லை. ஒருவனின் தவத்துக்குக் கருவியாக வாழ்ந்து செத்த பெண் தன் கடவுளிடம் என்ன கேட்டாள் என்பது ஒரு வரிகூட இல்லை. அஹமத் பாரிக்கும் மொத்தமாகச் சில வரிகள்தான். அவனுக்கும் ஒரு மதம் இருக்கிறது, அடுத்த மதத்துக்காரனின் பிணத்தைத் தீயில் வைப்பது அவனுக்கு என்னவாக இருந்திருக்கும்? அதைக் கேட்க நாவலுக்கு நேரமில்லை. 'இந்த மனிதர்தான் பார்க்க மறுக்கிறார், நாவல் பார்க்கிறது' என்று மேலே சொன்னேன் இல்லையா, அது இந்த இடத்தில் கொஞ்சம் இடறுகிறது. நாவலும் பார்க்கிறது, ஆனால் ஆச்சாரியாரோடு சேர்ந்தே திரும்பிக்கொள்கிறது. தேடலுக்கான நேரமும் பக்கங்களும் அவருக்குத்தான். தலித் வாசகர் ஒருவர், "எங்க ஆளுக்கு ரெண்டு பாரா, அவருக்கு ஒரு நாவல்" என்று எரிச்சல்பட்டால் என்னிடம் பதில் இல்லை.

1970-இல் பட்டாபிராம ரெட்டி இதைப் படமாக எடுத்தார். ஆச்சாரியாராக கிரிஷ் கர்னாட், சந்திரியாக சினேகலதா ரெட்டி. தணிக்கையில் முதலில் தடை செய்யப்பட்டு, பிறகு வெளியாகி, தேசிய விருதும் வாங்கியது. ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1976-இல் வந்தது. 'சம்ஸ்காரா' என்ற சொல்லுக்கு ஈமச்சடங்கு என்றும் பண்படுத்துதல் என்றும் இரண்டு பொருளும் உண்டு. இறந்தவனுக்குச் செய்ய வேண்டியதா, இருக்கிறவனுக்கு நடக்க வேண்டியதா என்று நாவல் கடைசி வரை உறுதியாகச் சொல்வதில்லை. கடைசிப் பக்கத்தில் ஆச்சாரியார் நடந்ததை எல்லாம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து மாட்டு வண்டியில் ஊருக்குத் திரும்புகிறார். வண்டியில் ஒருவருக்குத்தான் இடம், புட்டா பின்தங்கிவிடுகிறான். இன்னும் நாலைந்து மணி நேரப் பயணம் இருக்கிறது. சொன்னாரா, சொன்னால் என்ன ஆனது என்பது இல்லை. நிறையப் பேர் இதை 'திறந்த முடிவு' என்று பாராட்டுவார்கள். நான் அந்த வண்டியில் ஏறி அவர் தோளைத் தட்டி, "சாமி, பிணத்த அன்னிக்கு ராத்திரியே எரிச்சாச்சு" என்று சொல்ல ஆசைப்பட்டேன். சொன்னால் அவர் நிம்மதி அடைவாரா, உடைந்து போவாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்குத் திதி வருகிறது. "ஐயருக்குச் சொல்லவா, இல்ல நீ ஏதாச்சும் பேசுவியா?" என்று அம்மா போனில் கேட்டாள். சொல்லும்மா என்றேன். கால் கட்டை அவிழ்த்த அந்த அண்ணனின் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை, சித்தப்பாவிடம் விசாரிக்கிறேன் என்றாள்.