ஸ்கோர் போர்டில் தெரியாத இன்னிங்ஸ்

மொத்த ரன்னை மட்டும் வைத்து ஒரு பேட்ஸ்மேனை எடைபோடக் கூடாது என்று கிரிக்கெட் ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஆடுகளத்தில், எந்த நெருக்கடியில் அடித்த ரன் என்று கேட்பார்கள். விஞ்ஞானிகளை மதிப்பிடும்போது அந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் எழுகிறது. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்பதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எங்கே சறுக்குகிறது என்று பார்க்கப் பொருத்தமானவர், புற்றுநோய் எபிஜெனெடிக்ஸின் மூத்த ஆட்டக்காரர் பீட்டர் ஜோன்ஸ்.

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலே மரபணு இயங்குவதும் அடங்குவதும் எப்படி என்று ஆராய்வது எபிஜெனெடிக்ஸ். டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள் இதில் முக்கியமானவை. கட்டியைத் தடுக்க வேண்டிய மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்தக் குறிகள் ஏறினால், அது வாய் மூடிக்கொள்ளும்.

முதலில் ஸ்கோர் போர்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பேலினுடன் சேர்ந்து ஜோன்ஸ் 2002, 2007 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள், 2012இல் தனியாக எழுதிய கட்டுரை ஆகிய மூன்றும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டவை. மூன்றுமே மீளாய்வுக் கட்டுரைகள். அதாவது, புதிய சோதனையைச் சொல்பவை அல்ல. துறை எங்கே வந்து நிற்கிறது என்று தொகுத்துத் தருபவை. சிதறிக் கிடந்த முடிவுகளைக் கோத்துக் கொடுத்த உழைப்பு பெரிது. ஆனால் ஆட்டத்தைத் திருப்பியவை இவையல்ல.

திருப்பியது 1977 முதல் 1980 வரையிலான ஆட்டம். 5-அசாசைட்டிடின், 1960களில் பிராக் நகர வேதியியலாளர்கள் உருவாக்கிய பொருள். செல்லைக் கொல்லும் மருந்தாகவே அதைப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோன்ஸும் சகாக்களும் அதை எலிக்கரு செல்களில் சேர்த்தபோது, அவற்றிலிருந்து சுருங்கி விரியும் தசைச் செல்கள் உருவாயின. 1977இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. அடுத்து அமெரிக்காவில் ஷெர்லி டெய்லருடன் செய்த வேலையில் கொழுப்புச் செல்லும் குருத்தெலும்புச் செல்லும் கிடைத்தன. 1980இல் ‘செல்’ இதழில் இருவரும் காரணத்தையும் காட்டினார்கள்: இந்தப் பொருள் மீத்தைலேற்றத்தைத் தடுக்கிறது, செல்லின் குணம் மாறுவது அதனால்தான்.

அதன் பலனை அடுத்தவர்களும் அறுவடை செய்தார்கள். 1987இல் ஹெரால்ட் வெயின்ட்ராப் குழு, தசையை உருவாக்கும் ‘மயோ-டி’ மரபணுவைப் பிடித்தது, இதே வகை எலிச் செல்களையும் இதே மருந்தையும் வைத்துத்தான். 2004இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும் எம்.டி.எஸ். என்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு அசாசைட்டிடினை அங்கீகரித்தது. 2009இல் வெளியான, 358 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15 மாதம். இந்த மருந்து பெற்றவர்களுக்கு 24.5 மாதம்.

பலவீனம் இல்லையா? உண்டு. இந்த மருந்து வேண்டிய இடத்துக் குறியை மட்டும் பார்த்து அழிப்பதில்லை. நுரையீரல், குடல் போன்ற திடக் கட்டிகளில், ரத்தப் புற்றுநோயில் கிடைத்த வெற்றி இன்னும் கைகூடவில்லை. ஆனாலும் ஆட்டம் முடியவில்லை. மரபணுத் தொகுதியில் உறங்கும் பழைய வைரஸ் வரிகளை இம்மருந்து எழுப்பிவிட, செல் தன்னை வைரஸ் தாக்கியதாக எண்ணி எச்சரிக்கை எழுப்புகிறது என்று 2015இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. ஒன்றில் ஜோன்ஸும் இணை ஆசிரியர். இன்னொன்று பேலின் தரப்பிலிருந்து வந்தது.

இப்போது எச்-இண்டெக்ஸுக்கு வருவோம். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவுகோல் அது. ஒருவரின் 50 கட்டுரைகள் தலா 50 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 50. எல்லையைத் தாண்டிய பிறகு எல்லாக் கட்டுரையும் சமம். எனவே ஒரு மருந்துக்கு வழிகாட்டிய 1980 கட்டுரைக்கும் ஒன்றுதான், ஒரு சாதாரணத் தொகுப்புக்கும் ஒன்றுதான். மேலும், அந்தக் கட்டுரைக்கும் மருந்து அங்கீகாரத்துக்கும் நடுவே 24 ஆண்டுகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

தேர்வுக் குழுக்களுக்கு ஒரு கோரிக்கை: விண்ணப்பதாரரின் எண்ணைக் கேட்பதற்கு முன், அவர் சிறந்ததாகக் கருதும் மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் படித்தும் பாருங்கள்.