முறைப்பெயர்களும் கணக்கியற் கருத்தும்

விருத்தாசலத்தை அடுத்த ஸ்ரீமுஷ்ணத்தில், திருவிழாக் காலங்களில் உறவினர் கூடும் வீடுகளில், “அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்னும் வினாவை அடிக்கடி கேட்கலாம். தமிழகத்தின் பிற ஊர்களிலும் வழங்கும் வினாவே இது. ஒருவரை மட்டும் நோக்கி இதற்கு விடை கூறுதல் இயலாது. ஐந்து ஒற்றைப்படை எண் என்பது ஐந்தின் தன்மை. ஐந்து மூன்றினும் பெரிது என்பது இரண்டு எண்களுக்கு இடையே நிற்கும் தொடர்பு. இத்தகைய தொடர்பினையே பொருளாகக் கொண்டு கணித அறிஞர் டி மார்கன் 1860-இல் அளவையியற் கட்டுரை வரைந்தார்.

பழந்தமிழ் முறைப்பெயர்கள் இத்தொடர்பினைச் சொல்லினுள்ளேயே அடக்கியவை. யாய் என்பது என் தாய். ஞாய் என்பது நின் தாய். தாய் என்பது அவன் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அன்ன. இன்று தந்தை பொதுப்பெயராய்விட்டமையின் ‘என் தந்தை’ என்கிறோம். தேர்வுத்தாள்களில் யாய் என்பதற்குத் தாய் என்று மட்டும் பொருளெழுதி அமைவார் பலர். அதனால் இழப்பது ஓரெழுத்தின் நுட்பம் மட்டுமன்று. பாட்டின் அமைப்பும் உடன் மறைகின்றது.

எந்தை என்பதில் உள்ள ‘எம்’ பன்மை. அப்பன்மையுள் அடங்குவோர் யாவர்? கணக்கியலார் மொழியிற் கூறின், அக்கணத்தின் உறுப்புகள் யாவை? கபிலர் பாடிய அகநானூற்று 12-ஆம் பாட்டில் தோழி, தலைவியின் பெற்றோரை யாய் எனவும் எந்தை எனவும் சுட்டுகின்றாள். தொல்காப்பிய நெறிப்படி தோழி செவிலியின் மகள். பிறப்பு நோக்கின் அச்சொற்கள் பொருந்தா. வழுவமைதி என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆயின் அவள் அடுத்துத் தன்னையும் தலைவியையும் இரு தலையும் ஓருயிரும் உடைய பறவையாகக் கூறுகின்றாள். ஈண்டுக் கணத்தை வரையறுப்பது பிறப்பன்று, உயிரொருமை. எம் எனக் கூறும் இவ்வுரிமை தாயமுறையான் வாராததாயினும் பொருந்தும் எனத் தொல்காப்பியப் பொருளியலும் உடன்படுகின்றது.

இதற்கு மறுதலையாக நிற்பது செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40. தலைவன் தன் தாயையும் அவள் தாயையும், தன் தந்தையையும் அவள் தந்தையையும் இணையாக நிறுத்தி, ஒருவர்க்கொருவர் என்ன முறையினர் என வினவுகின்றான். ஸ்ரீமுஷ்ணத்து வினாவே இது, விடைதான் வெற்றுக்கணம். உறவைப் புறக்கணித்த காதற்பாட்டாக இதனைப் பாராட்டுவோர் உளர். எமக்கு அது முற்றும் உடன்பாடன்று. உறவின்மையைக் கூறுதற்கும் முறைப்பெயர்களையே நாடுபவன் உறவைப் புறக்கணித்தவன் ஆகான்.

பிரிவன்கொல் என அஞ்சிய தலைவிக்குக் கூறியது இப்பாட்டு என்பது பழங்குறிப்பு. அவ்வச்சத்திற்கு விடையாக வருவது செம்மண்ணிற் பெய்த மழைநீர். இரண்டுடன் மூன்றைக் கூட்டி வந்த ஐந்திலிருந்து மூன்றைக் கழிப்பின் இரண்டு மீளும். கூட்டலுக்கு எதிர்ச்செயல் உண்டு. புலவர் காட்டும் கலத்தலுக்கு அஃதில்லை. தெளிய வைத்தால் மண் அடியிற் படியுமே என வகுப்பில் ஒரு மாணவர் வினவினார். நியாயமான வினாவே, ஆயின் பாட்டிலுள்ளது கலத்தில் எடுத்து வைத்த நீரன்று, நிலத்திற் பெய்த நீர்.

இன்னும் ஒன்று. யானும் நீயும் எனப் பிரித்துத் தொடங்கியவன் இறுதியிலும் ‘நாம்’ என்றானில்லை. நெஞ்சங்களைத் ‘தாம்’ எனப் படர்க்கையில் வைத்தே கூறுகின்றான். நெஞ்சங்கள் கலந்தன, தோழி எளிதாகக் கூறிய ‘எம்’ அவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை.